நுரை வராத ஊசி

பொன்மலை
9-6-1958

சௌபாக்கியவதி குழலிக்கு,

இங்கே நான் சுகம். வீட்டில் அடுப்பு எரியவில்லை, அது ஒன்றுதான் குறை. நான் வொர்க்‌ஷாப்பிலிருந்து திரும்புவதற்குள் நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டதைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சவரிராஜின் சம்சாரம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "அக்கா முகத்தைச் சுத்தி முந்தானையைப் போத்திக்கிட்டுப் போனாங்களே, பல்வலியா அண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நம் வீட்டுப் பல்வலிக்கு நான்கு வயதாகிறது.

நீ போனதில் எனக்குக் கோபமில்லை. நன்றி கெட்டுப் போனதில்தான் கோபம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் உன் மோவாயில் முளைத்ததைப் பார்த்து, வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே உன்னை உன் அண்ணனிடம் ஒப்படைத்திருப்பான். நான் என்ன செய்தேன்? கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசச் சொன்னேன். பாலக்கரையிலிருந்து ஷரபுன்னிசாவை வரவழைத்து நூல் போட்டுப் பிடுங்க வைத்தேன். கடையில் விற்கிற முடி உதிர்க்கும் பவுடரை வாங்கி வந்தேன். வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, உன் கன்னம் வெந்தது, தாடி மட்டும் மறுவாரமே திரும்பி வந்தது. கடைசியில், மதராஸில் மின்சார ஊசியால் முடியின் வேரையே கருக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்த மிஷினை நானே செய்தேன். ரயில் பெட்டிகளுக்கு விளக்கெரிய வைக்கிற பாட்டரி, ஒரு தையல் ஊசி, இரண்டு ஒயர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜன்னலோரம் உன்னை உட்கார வைத்து, ஒவ்வொரு முடியாகக் குத்தி எடுத்தேன். எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு இப்படிச் சவரம் செய்வான்?

முடிவில் கொஞ்சம் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. அது உன் தோலின் கோளாறு. அதற்காக வீட்டைவிட்டுப் போவாயா?

பள்ளிக்கூட வேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்து சேர். ரெங்கம்மாள் அண்ணியை விசாரித்ததாகச் சொல். கார்டில் இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருக்கிறேன். அண்ணி நன்றாகப் படிக்கத் தெரிந்தவர், உனக்குப் படித்துக் காட்டுவார்.

சந்திரசேகர்


மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
14-6-1958

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கார்டில் எழுதாதீர்கள். தபால்காரர் வாசலிலேயே நின்று படித்துவிட்டுத்தான் கொடுத்தார், கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். அண்ணி அதைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய், தண்ணீர் எடுக்க வந்தவர்களுக்கு மத்தியில் உரக்கப் படித்தார். "தாடி மட்டும் மறுவாரமே திரும்பி வந்தது" என்ற இடத்தை இரண்டு தரம் படித்தார். ஒருத்தி சிரித்தாள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

நான் எதையும் மறக்கவில்லை. போன பொங்கலுக்கு என் மோவாய் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். மலைக்கோட்டைக்கு முந்தானையை இழுத்து மூடாமல் ஏறினேன். தெப்பக்குளத்தண்டை ஸ்டுடியோவில் வேலை மனுவுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டேன். போட்டோக்காரர் "தலையை நிமித்துங்கம்மா" என்றதும் நிமிர்த்தினேன். நான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் வேற்று மனிதர் சொல்லி நிமிர்ந்தேன். அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான். அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

பங்குனியில் ஸ்ரீரங்கம் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்தது. படித்துவிட்டு "பார்க்கலாம்" என்றீர்கள். அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஏதோ மாறிப்போனது. முன்பெல்லாம் ஊசி இறங்கினால் அதன் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை வரும், முடி தானாகக் கழன்று வரும். பிறகு நுரையே வரவில்லை. வலி மட்டும் ஆழமாக இருந்தது. முடியை இழுத்துப் பிடுங்கினீர்கள், அந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி நின்றது. "நுரை வரலியேங்க" என்று நான் சொன்னேன். "பாட்டரி பழசு, பேசாம உக்காரு" என்றீர்கள். உட்கார்ந்தேன்.

இப்போது மோவாய் முழுக்கக் கடுகு தாளித்துக் கொட்டிய மாதிரி இருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை. அதற்கு நடுவிலேயே முடியும் திரும்ப முளைத்துவிட்டது. முன்பு ஒன்றுதான், இப்போது இரண்டும். பள்ளிக்கூடம் திறந்து சேர்ந்துவிட்டேன். விடிவதற்கு முன் எழுந்து அண்ணனின் பிளேடால் யாருக்கும் தெரியாமல் வழித்துக்கொண்டு போகிறேன். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பதில்லை, என் மோவாயைப் பார்க்கிறார்கள்.

கோபப்படாதீர்கள். அந்த நுரை ஏன் நின்றது என்று மட்டும் எழுதுங்கள்.

குழலி


பொன்மலை
20-6-1958

குழலிக்கு,

இன்லண்டு லெட்டர் வாங்க ஒழியவில்லை, ஆகவே கார்டு. நாம் என்ன களவா செய்தோம், மூடி எழுத? தபால்காரருக்கு என் நமஸ்காரம்.

நுரை ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். நான் என்ன சோப்பா விற்கிறேன்?

விடியுமுன் எழுந்து சவரம் செய்வது நல்ல பழக்கம். உன் அண்ணனைப் பிளேடை அடிக்கடி மாற்றச் சொல். ஒரு வீட்டில் இரண்டு பேர் சவரம் செய்தால் சீக்கிரம் மழுங்கிவிடும். உன் அப்பா மலைக்கோட்டை அம்பாள் பெயரை உனக்கு வைத்தபோது, மணக்கிற கூந்தலை மனதில் வைத்துத்தான் வைத்திருப்பார். அது முகத்திலும் மணக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இருந்தாலும் நான் உன்னைக் கைவிடவில்லை. டவுனில் எக்ஸ்ரே வைத்திருக்கும் ஒரு டாக்டரிடம் பேசியிருக்கிறேன். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், மோவாயில் அந்த வெளிச்சத்தைப் பத்துப் பதினைந்து தடவை காட்டினால் முடி உதிர்ந்துபோய் ஜன்மத்துக்கும் முளைக்காது என்கிறார். வேலையை விட்டுவிட்டு வந்தால் ஏற்பாடு செய்கிறேன். வராவிட்டால் உனக்கும் உன் அண்ணனுக்கும் ஒரே பிளேடு.

சந்திரசேகர்


மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
3-8-1958

அத்தானுக்கு,

உங்கள் இரண்டாவது கார்டை அண்ணி படிக்கவில்லை. அண்ணனே படித்துவிட்டார். படித்துவிட்டுத் தன் ஜவுளிக் கடைக்குப் போனார். மறுநாள், "மெட்ராசுக்குக் கொள்முதலுக்குப் போறேன், நீயும் கூட வா. யாராவது டாக்டரம்மாகிட்டக் காட்டுவோம்" என்றார். போய்வந்தோம்.

அங்கே பெண்களுக்கான டாக்டரம்மா ஒருவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்குமுன், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றுதான் கேட்டார். வருவதில்லை என்றேன். இந்த முடி வெளியே முளைத்தாலும் கோளாறு வயிற்றுக்குள் சினைப்பையில் இருக்கலாம், தேய்த்துப் பூசுவதால் அது தீராது, இதில் என் குற்றம் எதுவுமில்லை என்றார். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்று நாம் நம்பியதும் பொய்யாம். தினம் வழித்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே ஆபத்தில்லாத வழி என்றார். நீங்கள் சொன்ன எக்ஸ்ரேயைப் பற்றிக் கேட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளைக் காட்டினார். அவருக்குச் சின்ன வயதில் அதைத்தான் செய்தார்களாம். முடி போய்விட்டது. கன்னம் சுருங்கி ஒட்டிப்போய், தோல் வெங்காயச் சருகாக உரிந்து, தாடையோரம் ஆறாத புண் ஒன்று இருந்தது. துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு மின்சார ஊசி போடும் நர்ஸம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் என் மோவாயை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இரும்பு ஊசியா? யாரு போட்டா?" என்றார். என் வீட்டுக்காரர், ரயில்வேயில் பாட்டரி ஃபிட்டர் என்றேன். "ஊசியில எந்தக் கம்பியை மாட்டினாரு?" என்றார். தெரியாது என்றேன். அவர் ஒரு உருளைக்கிழங்கை வெட்டி, தன் மிஷினின் இரண்டு கம்பியிலும் ஒவ்வொரு தையல் ஊசி கட்டி அதில் குத்தினார். மைனஸ் ஊசியைச் சுற்றி வெள்ளையாக நுரைத்தது. பிளஸ் ஊசியில் ஒரு நுரையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதைப் பிடுங்கினார், கிழங்கில் கறுப்பாக ஒரு ஓட்டை. "ஊசியோட இரும்பு கரைஞ்சு உள்ளே இறங்கிடுச்சும்மா. பச்சை குத்தின மாதிரிதான், இனிமே போகாது" என்றார்.

நான் உங்களுக்காக அவரிடம் வாதாடினேன் அத்தான். பாட்டரியிலேயே வாழ்கிறவர், அவருக்குக் கம்பி மாறாது என்றேன். சொல்லி வாய் மூடியபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். பிளஸ் ஒயரில் நீங்கள் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தீர்கள். ஈரத்துணி சுற்றிய பித்தளைக் குழாயை நான் கையில் பிடித்துக்கொள்வேன், அந்தச் சிவப்பு நூல் ஒயர் எப்போதும் என் குழாய்க்குத்தான் வரும். கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் என் கைக்கு வந்த ஒயரில் நூல் இல்லை. அவிழ்ந்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

உங்களிடம் ஒரே ஒரு வரி கேட்கிறேன். "தெரியாமல் மாறிப்போயிற்று" என்று எழுதிவிடுங்கள். நான் நம்பிவிடுகிறேன். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

குழலி


பொன்மலை
5-9-1958

குழலிக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் உருளைக்கிழங்கு என்ன விலை? சயன்ஸ் பாடத்தையும் உன்னிடமே கொடுத்துவிடச் சொல்.

சந்தோஷ சமாச்சாரம். என்னைச் சார்ஜ்மேன் ஆக்கியிருக்கிறார்கள். பெரிய குவார்ட்டர்ஸ் தருவார்கள், ஆனால் குடும்பம் கூட இருக்கிறவர்களுக்குத்தான். ஃபோர்மன் என்னிடம், "உங்க வீட்டம்மாவை நான் பார்த்ததே இல்லையே" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். இந்த வருஷ ஆயுத பூஜைக்கு எல்லாரும் குடும்பத்தோடு வொர்க்‌ஷாப்புக்கு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன் வந்து சேர்.

சந்திரசேகர்


ஸ்ரீரங்கம்
12-9-1958

அத்தானுக்கு,

சார்ஜ்மேன் ஆனதில் சந்தோஷம்.

அண்ணன் மனம் மாறிவிட்டார். "ஏதோ தப்பு நடந்துபோச்சு. ஆம்பளை வாயால ஒத்துக்குவானா? நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்கிறார். அண்ணிக்கு நான் சீக்கிரம் போனால் சரி. அவர் மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள், என் முகம் அவர்கள் கண்ணில் படக்கூடாதாம். நேற்று நான் தொட்ட கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பெண்ணிடம் கொடுத்தார்.

ஆகவே எனக்கு இங்கேயும் அதிக நாள் இல்லை. நான் கேட்ட ஒரு வரிக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. உருளைக்கிழங்கு விலை கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி வேண்டும். அது இல்லாமல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்களோடு ஒரு வீட்டில் இருப்பேன்?

குழலி


பொன்மலை
28-9-1958

குழலிக்கு,

விடாமல் கேட்கிறாய். சரி, சொல்கிறேன்.

தெரிந்துதான் மாற்றினேன். இத்தனை வருஷம் பாட்டரியோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு எந்த முனை எது என்று தெரியாதா? எனக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று நீ நினைத்ததுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

முடி இருந்தவரைக்கும் நீ நல்ல பெண்டாட்டி. நான் சொன்னதற்கு எதிர்ச்சொல் கிடையாது. வாசல் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் மோவாயை நீட்டிக்கொண்டு உட்காரும்போது உன் கண்ணில் கொஞ்சம் பயமும் நிறைய நன்றியும் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. எந்த வேலையும் எனக்கு அத்தனை பிடித்ததில்லை. மோவாய் வழுவழுப்பானதும் நீ வேறு ஆளாகிவிட்டாய். கண்ணாடி முன் நின்று முணுமுணுப்பாகப் பாடினாய். என்னைக் கேட்காமல் வேலைக்கு மனுப் போட்டாய். ஆர்டர் வந்த அன்று சாதம் பரிமாறிக்கொண்டே, "முதல் சம்பளத்துல எனக்கு ஒரு கைக்கடியாரம் வாங்கப் போறேங்க" என்றாய். சாப்பிட்டு முடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒயரை மாற்றினேன். மிஷினில் வேறெந்த வேலையும் இல்லை, கழற்றி மாட்டுவதுதான். நீ நுரை வரவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கன்னத்தைக் காட்டினாயே, அப்போது எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

முடி இருக்கிறவளே எனக்குப் போதும். புள்ளி இருந்தாலும் பாதகமில்லை. இனி உன்னை யாரும் நிமிரச் சொல்லமாட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு நீ வரவேண்டும். நன்றாக வழித்துக்கொண்டு, பவுடர் அப்பிக்கொண்டு, பல்வலி என்று முந்தானையால் தாடையைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். ஃபோர்மன் பார்த்துவிட்டுப் போவார், குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும். வராவிட்டால் உன் தலைமையாசிரியைக்கு எழுதுவேன். உங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருப்பது பெண்தானா என்று ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டுப் பிறகு பெண்பிள்ளைகள் நடுவே விடுங்கள் என்று எழுதுவேன். எழுதத் தயங்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

சந்திரசேகர்


ஸ்ரீரங்கம்
14-10-1958

சந்திரசேகர் அவர்களுக்கு,

என் தாடியைப் பற்றி எழுதியதையெல்லாம் ஊர் படிக்கும்படி கார்டில் எழுதினீர்கள். உங்களைப் பற்றி எழுதியதை மட்டும் உறைக்குள் வைத்துப் பசை தடவி ஒட்டியிருக்கிறீர்கள். அதைப் பிரிக்கும்போதே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

நான் உங்களிடம் உண்மையைக் கேட்கவில்லை. ஒரு வரி பொய் கேட்டேன். நீங்கள் அதை எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன். அதே ஜன்னலோரம் உட்கார்ந்து, மறுபடியும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். புள்ளியை நினைத்து அழுததையெல்லாம் விட, இதை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் திமிர் என்னைக் காப்பாற்றியது.

தலைமையாசிரியைக்கு நீங்கள் சிரமப்பட்டு எழுத வேண்டாம். உங்கள் கடிதம் வந்த மறுநாள் நானே அவர் அறைக்குப் போய், எனக்கு என்ன முளைக்கிறது, இந்தப் புள்ளிகள் எப்படி வந்தன, நீங்கள் என்ன எழுதப்போகிறீர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "பிள்ளைங்க கேலி பண்ணுதுன்னு என்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். அழமாட்டேன் என்றேன். "அப்போ வகுப்புக்குப் போங்க" என்றார். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்தான். மீசை டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அழவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு அண்ணியின் கண்ணாடியை அவருக்கே விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு நான் அவசியம் வருகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நான் வழித்துக்கொள்ளவில்லை. இப்போதே தடவினால் கையில் குத்துகிறது. பூஜைக்குள் இன்னும் வளர்ந்துவிடும். முடி இருக்கிறவளே போதும் என்று எழுதியிருந்தீர்கள், உங்களுக்குப் பிடித்தவளைத்தான் அழைத்து வருகிறேன். கல்யாணக் கூறைப் புடவை கட்டிக்கொள்கிறேன். தலை நிறையப் பூ வைத்துக்கொள்கிறேன். முந்தானை இடுப்பில் இருக்கும். பவுடர் கிடையாது. நீங்கள் வேலை செய்யும் மேஜைக்குப் பக்கத்தில், சந்தனம் வைத்த பாட்டரிகளுக்கு நடுவில், பகல் வெளிச்சத்தில் உங்களை உரசிக்கொண்டு நிற்பேன். ஒரு மணி நேரம் அல்ல, கடைசி ஆள் கலைகிறவரைக்கும் நிற்பேன்.

பெண்கள் என் மோவாயைப் பார்த்துக் கேட்பார்கள். ஃபோர்மன் வீட்டு அம்மாள் கேட்காவிட்டாலும் சவரிராஜ் வீட்டு அம்மாள் நிச்சயம் கேட்பாள். எனக்கு அங்கே அதிகம் பேச வேண்டியதிருக்காது. ஊசியில் பிளஸ் கம்பியை மாட்டினார் என்று ஒரு தடவை சொன்னால் போதும். உங்கள் ஷாப்பில் இருக்கிற அத்தனை பேரும் பாட்டரி தெரிந்தவர்கள். அதற்குமேல் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர்களே விளக்கிச் சொல்லிக்கொள்வார்கள்.

அதற்கப்புறம் நீங்கள் பெரிய குவார்ட்டர்ஸில் இருங்கள், சின்னதில் இருங்கள். சார்ஜ்மேனாக அவர்களுக்கு உத்தரவு போடுங்கள். அவர்கள் தலையாட்டிக்கொண்டே உங்கள் கையைப் பார்ப்பார்கள். நான்கு வருஷம் எனக்கு அப்படித்தான் இருந்தது, மனிதர்கள் பேசுகிறபோது என் கண்ணைப் பார்க்கமாட்டார்கள், அதற்குக் கீழே பார்ப்பார்கள். உங்களுக்கும் பழகிவிடும்.

சாயங்காலம் பஸ் ஏறி நான் ஸ்ரீரங்கம் திரும்பிவிடுவேன். மறுநாள் விஜயதசமி, முதல் வகுப்பில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள், நான் காலையிலேயே பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் வாசலுக்கு வந்து என்னை அழைத்துப்போக வேண்டும் என்றில்லை. பூஜையன்று கேட்டில் ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி, யார் வீட்டு அம்மா என்று கேட்டுத்தான் உள்ளே விடுவார்களாம். உங்கள் பெயரைச் சொல்கிறேன்.

மட்டுவார்குழலி